நவம்பர் வாரத்துக்காரர்

அண்ணையிடம் யாராவது ஏதாவது கேட்டால் முதலில் சிரிப்பார். பிறகு, "அதுக்கென்ன," என்பார். அந்த "அதுக்கென்ன" வாயை விட்டு வந்துவிட்டதென்றால் கேட்டவருக்குக் காரியம் முடிந்தது, அண்ணைக்குத் தொடங்கியது.

பெயரை எழுதவில்லை. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையில் இருந்தவர்களுக்குப் பெயர் இல்லாமலே ஆளைத் தெரியும். மற்றவர்களுக்குப் பெயரைவிட அவருடைய கராஜைச் சொன்னால் ஆள் விளங்கும். அந்தக் கராஜுக்குள் அவருடைய வான் ஒருநாளும் நின்றதில்லை. வேறு ஊருக்கு வீடு மாறிப்போன ஒருவரின் சோபா செற், ஊர்ச்சங்கத்தின் சமையல் கிடாரங்கள், யாரோ உடம்பைக் குறைக்க வாங்கிக் குறைக்காமல் விட்ட ஓட்ட மெசின், அதன் மேல் ஒரு கலியாண மணவறையின் பாதி. மற்றப் பாதி எங்கே என்று அவருக்கும் தெரியாது. வீட்டுக்குள் முன்னறையில் ஒரு மீன்தொட்டி. லண்டனுக்கு இரண்டு கிழமைக்கு என்று போன சிநேகிதர் ஒருவர் வைத்துவிட்டுப் போனது. சிநேகிதர் லண்டனிலேயே தங்கிவிட்டார். மீன்கள் குட்டி போட்டுப் பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டன.

"எங்கட வீட்டில எங்களுக்கெண்டு மிஞ்சினது படிக்கட்டு மட்டும்தான், தம்பி," என்பார் அவருடைய மனைவி. அவரை நான் அக்கா என்பேன். "அதை இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை."

அண்ணையிடம் இதற்கு நியாயம் இருந்தது. "மற்றவன்ர முகம் வாடினா எனக்குச் சோறு இறங்காது." இன்னொன்றும் சொல்வார், அது அவருக்குச் சட்டம் மாதிரி: "ஒருத்தன்ர கையால வாங்கித் திண்டிட்டு அவனுக்கு மாட்டன் எண்டு சொல்லப்படாது." இந்த இரண்டும் சேர்ந்துதான் அவரைக் கொண்டுபோய் அந்தக் காட்டுக்குள் மாட்டின.

அது தொடங்கியது அஜின்கோர்ட்டில், கடைகள் நிறைந்த ஒரு மோலில். மேசை போட்டுக்கொண்டு நின்ற ஒரு பிள்ளை போகிறவர்கள் வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லோரும் ஃபோனைப் பார்க்கிற மாதிரி நடந்துபோக, அண்ணை நின்று திருப்பிச் சிரித்தார். வடக்கே காட்டுப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் விடுதி, வார இறுதி இலவசம், ஒரு காலைச் சாப்பாட்டுக்கு வந்து இருந்து கதைத்தால் போதும் என்றாள். அதுக்கென்ன.

அந்தக் காலைச் சாப்பாட்டை அக்கா சொல்லிக் கேட்கவேண்டும்.

"பான்கேக் அடுக்கி வைச்சிருக்கினம். மேல இனிப்புப் பாணி ஊத்தியிருக்கு. ஒரு பெடியன் வந்து பக்கத்தில இருந்து எங்களோட சேர்ந்து சாப்பிடுறான். தன்ர தாய்க்கு முழங்கால் வருத்தமெண்டு சொல்லுறான். உவர், உங்கட அண்ணை, ஒண்டோட நிப்பாட்டியிருந்தாலும் தப்பியிருக்கலாம். மூண்டு திண்டவர். மூண்டாவது இறங்கினவுடனை பேப்பரைக் கொண்டந்தான். எனக்கு அப்பவே தெரியும்."

"அந்தப் பெடியனும் எங்களோடதானே சாப்பிட்டவன்," என்பார் அண்ணை. அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கையெழுத்து வைத்தது, அந்த விடுதியில் ஒவ்வொரு வருசமும் ஒரு வாரம் தங்கும் உரிமைக்கு. உரிமை என்பது அவர்கள் சொன்ன சொல். அதை விற்க முடியாது, வாங்க ஆள் இல்லை. விடவும் முடியாது, போனாலும் போகாவிட்டாலும் செலவு வந்துகொண்டிருக்கும், உயிர் இருக்கும் வரைக்கும். எந்த வாரம் வேண்டும் என்று கேட்டபோது, ஆட்கள் இல்லாத அமைதியான வாரம் ஒன்று இருக்கிறது என்றானாம் பெடியன். நவம்பர் முதல் வாரம்.

அந்த அமைதி போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். நான் பார்த்தேன். "வாரும் தம்பி, ஒரு அறை சும்மா கிடக்கு," என்று அண்ணை கூப்பிட்டபோது, அதற்கு முதல் ஞாயிறு அவர்கள் வீட்டில் கணவாய்க் கறியோடு சாப்பிட்டிருந்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ரொறன்ரோவை விட்டு வடக்கே போகப் போகப் பாறையை வெட்டி நடுவால் ரோட்டு விட்டிருக்கும். அதைத் தாண்டி உள்ளே திரும்பினால் மேடும் பள்ளமுமாக நிலம். அதன்மேல் கம்பளம் விரித்ததுபோல் கோல்ஃப் திடல். காசு கட்டினால் யாரும் விளையாடலாம். கோடையில் எப்படி இருக்குமோ தெரியாது, நாங்கள் ஒருநாளும் கோடையைக் காணவில்லை. எங்கள் வாரத்தில் நீச்சல் குளத்துத் தண்ணீரை இறைத்து வெறுமையாக்கியிருப்பார்கள். படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். இலை முழுக்கக் கொட்டியிருக்கும், ஆனால் பார்க்க அழகாகப் பனி இன்னும் விழுந்திருக்காது. புல் மட்டும் பச்சை. அதைச் சுற்றி நாலு பக்கமும் வெறும் மேப்பிளும் கறுத்த பைனும். எங்கே திரும்பினாலும் கொஞ்சத் தூரத்தில் காடு வந்து நிற்கும். மேட்டில் ஏறினால் அப்பால் ஏதாவது தெரியும் என்று ஏறுவோம். அப்பால் இன்னொரு பள்ளம், அதற்கப்பால் திரும்பவும் காடு.

அவருடைய வாரத்துக்குக் கோல்ஃப் இலவசம். இலவசமாகக் கொடுத்ததை விளையாடாமல் விட்டால் கொடுத்தவர்களின் முகம் வாடும். அதனால் அண்ணை விளையாடினார். மட்டைகள் அடுத்த தெருவில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி கொடுத்தது, இறந்துபோன கணவருடையது. அந்த மனிதர் இடதுகைக்காரர். அண்ணை வலதுகைக்காரர். அதைக் கிழவியிடம் சொன்னால் மனம் நோகும் என்று, வலது கையால் சாப்பிட்டு வலது கையால் எழுதி வலது கையால் கும்பிடுகிற மனிதர் கோல்ஃபை மட்டும் இடது கையால் விளையாடினார்.

காலையில் புல்லில் உறைபனி பிடித்திருக்கும். அது உருகும் வரைக்கும் கால் வைக்க விடமாட்டார்கள். கண்ணாடிக்கு உள்ளே கோப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உருகி வெளியில் போனால் இன்னொரு மரியாதை இருந்தது. கோல்ஃபில், பின்னால் வருகிறவர்கள் வேகமாக விளையாடினால் முன்னால் நிற்பவர்கள் ஒதுங்கி அவர்களை முந்திப்போக விடலாம். விடலாம் என்றுதான் வழக்கம். அண்ணைக்கு அது விட்டே ஆகவேண்டிய ஒன்று. ஒரு முறை நல்ல வெயில் வந்து, பக்கத்து ஊர்க்காரர் எல்லோரும் வருசத்தின் கடைசி ஆட்டத்துக்குத் திரண்டு வந்துவிட்டார்கள். மூன்றாவது குழிக்கு அடிக்கும் இடத்தில் நாங்கள் ஒதுங்கி நின்றோம். ஒரு கூட்டம் போனது. அடுத்த கூட்டம் வந்தது. "கோ அஹெட், கோ அஹெட்," என்று அண்ணை கையை வீசிக்கொண்டிருந்தார். ஒருவர் தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கால்விரல் மரத்துவிட்டது.

"அண்ணை, நாங்கள் இண்டைக்கு விளையாடுறமோ, இல்லாட்டி பள்ளிக்கூடத்தடியில பிள்ளையளை ரோட்டுக் கடத்திவிடுறமோ?"

"அவை அவசரத்தில வருகினம், தம்பி. எங்களுக்கு என்ன அவசரம்? வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கயும் போகேலாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னபிறகு அந்தக் காட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, மகள். இங்கே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கலியாணம் சரிவந்திருந்த வருசம் விடுதியிலிருந்து அண்ணைக்கு ஃபோன் வந்தது. இந்த முறை மகளையும் கூட்டிவாருங்கள், அவளுடைய பெயரையும் சேர்த்துவிடுவோம், உங்களுக்குப் பிறகும் அந்த வாரம் குடும்பத்திலேயே இருக்கும் என்றார்கள். அண்ணை ஆங்கிலத்தில் "அதுக்கென்ன" சொன்னார். "ஷுவர், ஷுவர்."

அன்று பின்னேரமே அக்கா என் வாசலில் நின்றார்.

"தம்பி, நீங்கள் இந்தமுறை கட்டாயம் வரவேணும். உவர் தான் மாட்டினது காணாதெண்டு பிள்ளையையும் கொண்டுபோய் மாட்டப்போறார்."

"அவள் இஞ்சத்தைப் பிள்ளை, அக்கா. நோ எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வருவாள்."

"வெளியில சொல்லுவாள். ஃபோன்ல வாறவனுக்குச் சொல்லுவாள், வாசலுக்கு வாறவனுக்குச் சொல்லுவாள். தேப்பன்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லமாட்டாள். உவர் ஊராக்களின்ர முகத்தைப் பாக்கிறமாதிரி அவள் உவற்ர முகத்தைப் பாக்கிறவள்."

அந்த வருசம் கந்தசஷ்டி விரதத்தின் முதல்நாளும் எங்கள் முதல்நாளும் ஒன்றாக வந்தன. ஆறு நாளும் பாலும் பழமும், ஏழாம் நாள் காலையில்தான் சோறு. அக்கா வருசா வருசம் பிடிப்பவர். அண்ணை ஒரு வருசமும் முதல்நாள் மத்தியானத்தைத் தாண்டியதில்லை. யாராவது ஒரு வீட்டில் வடையை நீட்டுவார்கள், அதோடு விரதம் முடிந்துவிடும். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். எனக்கு நவம்பரில் விரதம் இல்லை.

வானுக்குள் பார்த்தால் பால் பைகள், வாழைப்பழச் சீப்பு, தண்ணீர்ப் போத்தல்கள். ஒரு ஆளுக்கு அதிகம்.

"நானும் பிடிக்கிறன்," என்றார் அண்ணை ரோட்டைப் பார்த்தபடி.

"பாப்பம்," என்றார் அக்கா. "பெற்றோல் அடிக்கிற இடம் வரைக்கும்."

பெற்றோல் அடித்த இடத்தைத் தாண்டியும் அண்ணை ஒன்றும் வாங்கிச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை விடுதியில் எங்களை ஒரு வட்ட மேசையில் இருத்தினார்கள். கண்ணாடிக்கு வெளியே திடல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. பான்கேக் பெடியன் இப்போது அங்கே இல்லை. நரைத்த தலையோடு ஒரு பெண் வந்தார், எங்கள் வயதுதான். உண்மையாகவே நல்ல மனுசி. அண்ணைக்கு ஒரு தட்டை எடுத்துவந்தார். அண்ணை விரதம் என்றார். கோப்பி? வேண்டாம். ஜூஸ்? வேண்டாம். தண்ணீராவது? அண்ணை மல்வேர்னிலிருந்து கொண்டுவந்த போத்தலைத் தூக்கிக் காட்டினார். நான் இரண்டு குரோசோன் சாப்பிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூன்றாவதை எடுக்கவில்லை.

பிறகு அந்தப் பெண் பேப்பரை மகளின் முன் வைத்தார். இது அப்பா உனக்குக் கொடுக்கிற பரிசு என்றார். மகள் அண்ணையைப் பார்த்தாள். அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார், அவருக்கு வேறு முகம் வைக்கத் தெரியாது.

"அப்பாவுக்கு ஹாப்பி எண்டா, ஐ டோன்ட் மைண்ட்," என்றாள்.

பேனையை எடுத்துவிட்டாள். அக்கா என் கையைப் பிடித்தார். அப்போது அண்ணை சொன்னார், விரத நாட்களில் எங்கள் குடும்பத்தில் கையெழுத்து வைப்பதில்லை என்று. அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் அவரும் கேள்விப்படவில்லை.

விரதம் எப்போது முடியும் என்று கேட்டார் அந்தப் பெண். வெள்ளி காலை. அப்படியென்றால் போகமுன் இங்கே வாருங்கள், விரதம் முடிக்க நானே ஏதாவது செய்து வைக்கிறேன்.

"ஷுவர்," என்றார் அண்ணை.

வெளியில் வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "மாட்டன் எண்டு சொல்லக் கிடைச்ச இடத்தில நாள் குறிச்சுக் குடுத்திட்டு வாறியள். நல்ல நாளோ எண்டு ஐயரிட்டையும் ஒருக்கா கேளுங்கோவன்."

அதன் பிறகு அந்த வாரம் நீண்டது. அறையில் இருந்தால் ஃபோன் அடிக்கும், எல்லாம் வசதியா என்று கேட்பார்கள். வாசலில் மஃபின் கூடை வந்து இருக்கும். மகள் அதைத் தொடப்போனபோது "வையம்மா," என்று அண்ணை சொன்ன சத்தத்தில் அவள் கையை இழுத்துக்கொண்டாள். அப்படியொரு சத்தத்தை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கூடையை அணில் முடித்தது.

உறைபனி உருகியதும் அண்ணை மட்டைகளைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு ஓடிவிடுவார், நான் பின்னால். ஒருநாள் ஐந்தாவது குழிக்குப் பக்கத்தில் நிற்கிறோம், தூரத்தில் மேட்டிலிருந்து ஒரு கோல்ஃப் வண்டி இறங்கி வருகிறது. ஓட்டி வருவது அந்தப் பெண். அண்ணை பந்தைத் தேடுகிறமாதிரி மரங்களுக்குள் போய்விட்டார். அவருடைய பந்து என் காலடியில் கிடந்தது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றேன். பெண் ஒரு ஃபிளாஸ்க்கைத் திறந்து காட்டினார். சூடாகச் சூப், வெறும் மரக்கறி, வெண்ணெய்கூட இல்லை, இது விரதத்துக்கு ஆகாதா என்று கேட்டார். அவர் பந்து தேடுகிறார் என்றேன். பாவம், கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

உள்ளே போனேன். இலைகளுக்குள் முழங்கால் வரைக்கும் புதைந்து, ஒரு மேப்பிள் மரத்துக்குப் பின்னால் அண்ணை நின்றார்.

"போயிட்டாவோ?"

"ஓம்."

"சூப்பையும் கொண்டு?"

"ஓம், அண்ணை."

"என்ன சூப்?"

"பூசணி."

அவருடைய வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது.

"முருகன் கோவிக்கப்படாது, தம்பி. இது அவருக்கெண்டு பிடிக்கிற விரதமில்லை. உவையின்ர தண்ணி ஒரு மிடறு உள்ள போனாலும் நான் வெள்ளிக்கிழமை ஷுவர் எண்டுடுவன். எனக்கு என்னைத் தெரியும்."

"அப்ப இண்டைக்கே போய்ச் சொல்லிவிடுங்கோவன். ஏன் வெள்ளி வரைக்கும்?"

"வாய் வரவேணுமே. இஞ்சை நிண்டு உந்த மரத்துக்குச் சொல்லிப் பழகிறன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"என்ர தலையில விழுந்தது விழுந்திட்டுது. நான் வருவன், வருசா வருசம் வந்து உந்தக் காட்டைப் பார்த்திட்டுப் போவன். பிள்ளை வரப்படாது. நான் செத்த பிறகு அவள் ஒரு நவம்பரில வந்து இஞ்சை நிண்டு, அப்பா ஏன் எனக்கு உதைச் செய்தவர் எண்டு யோசிக்கப்படாது."

புதன்கிழமை பனி கொட்டியது. திடலைப் பூட்டினார்கள். குழிகளில் நின்ற கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இனி ஓடி ஒளியவும் இடம் இல்லை. திரையை இழுத்துவிட்டு நாலுபேரும் அறைக்குள் இருந்தோம். அண்ணையின் முகம் சுருங்கிக் கண் பெரிதாகிவிட்டது. அக்கா கேலி பேசுவதை நிறுத்தியிருந்தார். பாலைக் காய்ச்சிச் சீனி போட்டுக் கையில் கொடுப்பார். அவர் குடித்து முடியும்வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். மகள் ஒருமுறை, "அப்பா, உங்களுக்கு வேண்டாமெண்டா சொல்லுங்கோ, நான் சொல்லுறன்," என்றாள். "நீ சொல்லத் தேவையில்லை," என்றார்.

வெள்ளி காலை போனோம். அந்தப் பெண் ஒரு வெள்ளை விரிப்பு விரித்து, நடுவில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார். பாலில் அவித்த சோறு. முந்திரிகை வற்றல் போட்டு, மேலே கறுவாத்தூள் தூவியிருந்தது. எங்களுடைய ஆட்கள் விரதம் முடிக்க என்ன சாப்பிடுவார்கள் என்று தேடிப் பார்த்து, தானே செய்ததாகச் சொன்னார். எங்கள் பொங்கல் புக்கைபோலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஆவி பறந்தது. பக்கத்தில் அந்தப் பேப்பர்.

அண்ணை இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு நாள் பட்டினி கிடந்தவர் அந்தச் சோற்றைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நோ," என்றார்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. சாப்பாடா வேண்டாம் என்று கேட்டார்.

சாப்பாடும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்றார் அண்ணை, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். நான் வருவேன், ஒவ்வொரு வருசமும். மகள் இல்லை. மகளின் பெயர் இல்லை. ஸொறி.

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அண்ணையும் பார்த்தார், கண்ணை எடுக்காமல். மகள் எழும்பிவந்து அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்படியே வெளியில் கூட்டிவந்தாள், நடை பழகும் பிள்ளையைக் கூட்டிவருவதுபோல.

வான் பாறை வெட்டின இடத்தைத் தாண்டியது. பிறகு அண்ணை, "பாவம் அந்த மனுசி. விடிய எழும்பிச் சமைச்சிருப்பா," என்றார். கண் கலங்கியிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்துக் கோப்பிக்கடையில் நிறுத்தினோம். விரதம் முடிக்க ஒரு பாண் துண்டு வாங்கிவருகிறேன் என்று போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் டோனட் பெட்டிகள், மேலே ஒரு கோப்பிக் குவளை. கோப்பியோடு டோனட்டும் வேண்டுமா என்று அங்கே நின்ற பிள்ளை கேட்டாளாம்.

"சிரிச்சுக்கொண்டு கேட்டவள்," என்றார்.

அக்கா தலையில் கை வைத்தார். மகள் சிரிக்கத் தொடங்கினாள். மல்வேர்ன் வரும் வரைக்கும் சிரித்தோம், சாப்பிட்டோம்.

அடுத்த வருசமும் அண்ணை போனார். அதற்கடுத்த வருசமும் போனார். அந்தப் பெண்ணுக்கு அக்காவிடம் சொல்லி அரியதரப் பலகாரம் செய்வித்துக் கொண்டுபோனார். சமாதானத்துக்கு.

அண்ணை கண்ணை மூடியது ஒரு வசந்தகாலத்தில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்திருந்தார்கள். படையலின் ஓரத்தில் மகள் ஒரு பான்கேக்கும் வைத்திருந்தாள். விடுதியிலிருந்து அப்பாவைக் கேட்டு ஃபோன் வந்ததை எனக்குச் சொன்னாள். அவர் இல்லை என்று சொல்ல, அந்த வாரத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவோமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நோ எண்டு சொன்னன், அங்கிள். ஒரு செக்கண்ட்தான். அப்பாவுக்கு எவ்வளவு நாள் எடுத்தது."

"வாழ்க்கையில ஒரே ஒருக்கா மாட்டன் எண்டு சொன்ன மனுசன்," என்றார் அக்கா பக்கத்திலிருந்து. "அதுக்கும் பட்டினி கிடக்கவேண்டி வந்திட்டுது."

அக்கா பிறம்ரனில் மகளோடு போய் இருக்கப்போகிறார். கராஜை வெறுமையாக்க வேண்டும், வீட்டையும். நான் வடையோடு சோறு சாப்பிட்டு முடித்து, இரண்டாம் முறை ஊற்றிய பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா முன்னறைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உந்த மீன்தொட்டியைத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. லண்டன்காரர் வந்தா எடுப்பார். அதுவரைக்கும்..."

என் கையில் பாயசக் குவளை பாதி இருந்தது.

"அதுக்கென்ன, அக்கா," என்றேன்.